சீசன் இல்லாத மாதங்கள்

18.10.2004
உப்பளத்தை நேற்றோடு மூடிவிட்டார்கள். ஐப்பசி மழை பாத்திக்குள் இறங்கிவிட்டால் பிறகு தை பிறக்கிறவரை அங்கே யாருக்கும் வேலை இல்லை. என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை. இவர் காலையில் காபி குடித்துவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டார். எட்டு மணிக்கு நான் பூத்தைத் திறக்கப் போனேன். சாயந்திரம் வந்து பார்க்கிறேன், அதே சுவரைப் பார்த்து அதே மாதிரி படுத்திருக்கிறார். கொடுத்து வைத்த மனுஷன்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு எதிரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறவளுக்குச் சீசன் ஏது, சீசன் இல்லாத காலம் ஏது. போலியோ கால் என்பதால் கிடைத்த பூத். இன்றைக்கு ஒரு ஆள் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு துபாய்க்குப் போட்டான். மூன்று நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை, ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றான். எதிர்முனையில் அழுகிறார்களா, திட்டுகிறார்களா? கேட்கவும் முடியாது, தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியாது. இந்த ஆர்வக் கோளாறு என்னோடு பிறந்தது.

14.11.2004
தீபாவளி முடிந்தது. இவர் புதுச் சட்டையைப் பிரிக்கவே இல்லை. ஒன்பதாவது படிக்கிற எங்கள் பெண், சந்தியா, மூன்று தடவை போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "உடம்பு அசதியா இருக்குது" என்றார். பாண்டியிலிருந்து யாரோ வாங்கி வந்ததைக் குடித்திருந்தார். மழைக்காலத்தில் உப்பளத்து ஆண்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். குடிப்பது, தூங்குவது. தை வந்தால் எழுந்துவிடுவார்.

26.12.2004
காலை ஒன்பது மணிக்கு மேல் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். எங்கள் தெரு வரைக்கும் தண்ணீர் வரவில்லை. கடலை ஒட்டி இருக்கிற எக்கியார்குப்பத்தில் — எழுதக் கை வரவில்லை.

30.12.2004
பூத்தில் விடாமல் கூட்டம். எங்கள் தெருவில் மீன் விற்கிற குப்பம்மாள் அக்கா வந்தார். எக்கியார்குப்பத்துக்காரர். புருஷனும் போய், வீடும் போய்விட்டது. சென்னையில் இருக்கிற தங்கைக்குப் போட்டுக் கொடுத்தேன். "மாமா போயிட்டாருடி" என்று ஒரு வரிதான் பேசினார், வைத்துவிட்டார்.

தெருவே திரண்டு போய் அங்கே சோறு பொங்கிப் போடுகிறது. இவர் மட்டும் படுத்துக் கிடக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது.

21.1.2005
பொங்கல் முடிந்து உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டது. கடல் தண்ணீர் ஓடை வழியே ஏறி வந்து பாத்தியெல்லாம் சகதியாம். இவர் போகவில்லை.

தண்ணீரில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரி பார்ப்பது இவர் வேலை. எந்தத் தண்ணீரை எந்தப் பாத்திக்கு எப்போது திறந்துவிடுவது என்று அர்ச்சுனன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. மேஸ்திரி மாயவன் வீடு தேடியே வந்துவிட்டார். "இன்னா அர்ச்சுனா, நீ இல்லன்னா யாருப்பா டிகிரி பாப்பாங்க?" இவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "யாராச்சும் பாப்பாங்க."

வெளியே வந்து மாயவன் என்னிடம் மெல்லச் சொன்னார். "சுனாமி பயம்மா. உள்ள பூந்துகிச்சி. நாள் ஆவும்."

ஓகோ, சுனாமியா. காரணம் தெரிந்ததும் பாதி பாரம் குறைந்த மாதிரி இருந்தது. பூத்துக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. இவர் அன்றைக்குக் கடலைப் பார்க்கவே இல்லையே? பார்க்காத கடலுக்கு எப்படிப் பயப்படுவது?

8.2.2005
எக்கியார்குப்பத்தில் பந்தல் போட்டு, மனசு சரியில்லாதவர்களோடு பேசுவதற்கென்று ஒரு குழு வந்திருக்கிறது. இவரைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். சின்னப் பெண் ஒருத்தி, தன்மையாகத்தான் கேட்டாள்.

"வீட்ல யாரையாவது இழந்தீங்களா?"

"இல்ல."

"வீடு? படகு?"

"இல்ல."

அவள் படிவத்தில் அதற்கு மேல் கட்டம் இல்லை. இவர் எழுந்து நின்று, ஏதோ திருடிய ஆள் மாதிரி, "எனக்கு ஒண்ணும் போவலம்மா, மன்னிச்சிக்கோ" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும் வழியில் குப்பம்மாள் அக்கா எதிரே வந்தார். தலையில் கூடை. மறுபடியும் வியாபாரத்துக்கு இறங்கிவிட்டார்! இவர் தள்ளிப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராவெல்லாம் அழுவறேன் அமுதா. விடிஞ்சா எழுந்து வந்துடறேன். உன் ஊட்டுக்காரருக்கு இன்னா போச்சுன்னு இப்படிக் கிடக்கறாரு?" என்றார். குத்திக் காட்டவில்லை. அவருக்கும் உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

எனக்கும்தான். எல்லாம் போன அக்கா எழுந்து நடக்கிறார். ஒன்றுமே போகாத இவர் ஏன் விழுந்தார்?

15.2.2005
பூத்துக்கு வருகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன். ஊரில் டாக்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. கண்ணேறு என்றாள் ஒருத்தி. உப்பளத்து வெயில் மண்டைக்குள் தங்கிவிட்டது என்று ஒரு பெரியவர். வேலைக்கள்ளம் என்று ஒருத்தன் சொன்னான். அவனுக்கு மீதிச் சில்லறையைத் தூக்கிப் போட்டேன். சந்தியாவின் டீச்சர், ஆம்பிளைப் பிள்ளை இல்லாத ஏக்கமாக இருக்கும் என்றார். என் மாமியார் மாரியம்மாள் எதுவும் சொல்லவில்லை. பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறார்.

நான் குடிதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் பத்து நாளாக இவர் குடிக்கவும் இல்லை. அதற்குக்கூட எழவில்லை.

என் காலுக்குக் காரணம் கேட்டால் போலியோ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். இவருக்கும் அப்படி ஒரு வார்த்தை இருக்கத்தானே வேண்டும்?

2.3.2005
சந்தியாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். பழைய டைரிகள் கிடைத்தன. சும்மா புரட்டினேன்.

2003, கார்த்திகை மாதம்: 'இவர் எட்டு நாளாகப் பேசவில்லை. என்மேல் என்ன கோபமோ.' 2002, ஐப்பசி: 'சோறு வைத்தால் பாதி மிச்சம். தூங்கித் தூங்கியே ஆள் இளைத்துவிட்டார்.' 2001-லும் இருக்கிறது. போன அக்டோபரில் 'கொடுத்து வைத்த மனுஷன்' என்று எழுதியிருக்கிறேன். கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சுனாமிக்கு இதில் பங்கே இல்லை. அது வருவதற்கு முன்பே இவர் விழுந்துவிட்டார். இந்த வருஷம் மட்டுமா, வருஷா வருஷம் விழுந்து தையில் எழுந்திருக்கிறார். இந்தத் தடவை எழவில்லை, அவ்வளவுதான். மழைக்காலத்தில் உப்பளத்து ஆள் படுத்துக் கிடந்தால் யார் அதை நோய் என்று நினைப்பார்கள்? ஊரே படுத்துக் கிடக்கிற காலம் அது. ஊரான் போனில் மூச்சு விட்டாலே காரணம் யோசிக்கிறவள் நான். கூடவே இருந்த மனுஷனை அசதி என்று நினைத்தேன்.

8.3.2005
புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. செவ்வாயும் வெள்ளியும் மனநல டாக்டர் பார்க்கிறார். நரைத்த தலை, பெரிய கண்ணாடி, அவசரமே இல்லாத அம்மா. என்னைவிட அதிகம் கேள்வி கேட்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!

தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது? காலையில் அதிகமா, சாயந்திரம் அதிகமா? முன்பு பிடித்தது எது, இப்போது அது பிடிக்கிறதா? குடி எப்போது, எவ்வளவு? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? தைராய்டு பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். கழுத்துச் சுரப்பி மந்தமானாலும் ஆள் இப்படி ஆவது உண்டாம். டைரியில் இருந்ததைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இது மாதிரி இருந்துச்சா?"

கூட வந்திருந்த அத்தை, என் மாமியார், சட்டென்று சொன்னார். "யாருக்கும் இல்லம்மா."

"இவங்க அப்பா?"

"அவரு இவனுக்கு எட்டு வயசுல தவறிட்டாரு. வழுக்கி விழுந்துட்டாரு."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். மறுபடி தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகுமாம்.

9.3.2005
ஏன் பார்த்தார்?

19.3.2005
தைராய்டு சரியாக இருக்கிறது. ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் என்று ஆசைப்பட்டேன். நோய் இல்லை என்று சொன்னதற்கு வருத்தப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

28.3.2005
சாயந்திரம் இவர் தானாக எழுந்து சமையல் கட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். மாத்திரை வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பொறுமையாகச் சொன்னார்: "பூத்து இருக்குது. நீ கெட்டிக்காரி. நான் இல்லன்னாலும் சந்தியாவ கரையேத்திடுவ."

"இன்னாங்க பேச்சு இது" என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அத்தை அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இதையேதான் சொன்னாரு அமுதா" என்றார். "அவங்கப்பாவும். நீ கெட்டிக்காரி, கரையேத்திடுவன்னு. எனக்கு அப்ப பெருமையா இருந்துச்சு. மறுநாள் காலையில ஆளு இல்ல."

வழுக்கி விழவில்லை. அவராகப் போனார். கார்த்திகை மாதம். அதற்கு முன்னால் ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாராம். உப்பளம் மூடியிருக்கிறது, படுக்கத்தானே செய்வார் என்று அத்தையும் நினைத்திருக்கிறார். என்னை மாதிரியே. போலீஸுக்குப் பயந்து, நாளைக்குப் பிள்ளைக்குப் பெண் கொடுப்பார்களா என்று பயந்து, வழுக்கி விழுந்தார் என்று சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷம்.

"என்னைக் கட்டி வைக்கும்போதும் சொல்லலியே. டாக்டர் கேக்கும்போதும் சொல்லலியே. இன்னும் எப்பதான் சொல்லப் போறீங்க?" கேட்டே விட்டேன். அவரை நான் இப்படிப் பேசியதே இல்லை. அவர் அழவில்லை. "நாளைக்கு டாக்டர்கிட்ட நானே சொல்றேன்" என்றார்.

இன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் மாறி மாறி இவரோடு இருக்கிறோம். சந்தியாவுக்குக் காரணம் சொல்லவில்லை. அப்பாவைத் தனியாக விடாதே என்று மட்டும் சொன்னேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

29.3.2005
அத்தை சொல்லிவிட்டார். ஒன்று விடாமல்.

டாக்டர் அம்மா நேராக இவரிடம் கேட்டார். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தையும் கிளப்பிவிட மாட்டார்களா? இவர் பெருமூச்சு விட்டார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி, "தோணுதும்மா" என்றார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "வழுக்கி விழலன்னு எனக்கு அப்பவே தெரியும். நான்தான மொதல்ல போய்ப் பாத்தேன். நீ சொல்லாததனால நானும் சொல்லல" என்றார். அத்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கேட்டால் எண்ணம் வளராது, சொல்ல வழி கிடைக்கும் என்று டாக்டர் எனக்கு விளக்கினார்.

என் கேள்வியை நான் விடவில்லை. "என்னதாங்க காரணம்? ஒண்ணு சொல்லுங்க."

டாக்டர் இவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேலை?" என்றார். இவர் சொன்னார். "டிகிரி ஏறிட்டா உப்பு விளைஞ்சிடுமா?" என்று மறுபடி கேட்டார் டாக்டர்.

இவர் யோசித்தார். "அது மட்டும் பத்தாதும்மா. வெயிலு வேணும். காத்து வேணும். தரை கெட்டியா மிதிச்சிருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் வெளையாது. சில நாள் எல்லாம் இருந்தும் வெளையாது, ஏன்னு தெரியாது." மூன்று மாதத்தில் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான்.

"இதுவும் அப்படித்தான்" என்றார் டாக்டர். அப்பாவழி ரத்தத்தில் கொஞ்சம். எட்டு வயதில் அதைப் பார்த்து, வாய் திறக்காமல் வளர்ந்தது கொஞ்சம். வருஷத்தில் மூன்று மாதம் வேலையும் இல்லை, எழவும் படுக்கவும் ஒரு நேரமும் இல்லை. அதே மாதங்களில்தான் அப்பா போனதும். தூக்கத்துக்காகக் குடித்த குடி தூக்கத்தையும் கெடுத்து மனசையும் இறக்கியிருக்கிறது. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவராலும் முடியாதாம். இத்தனையும் இருந்து நோய் வராதவர்களும் உண்டு, எதுவுமே இல்லாமல் வந்தவர்களும் உண்டு என்றார்.

ஒற்றை வார்த்தை கிடைக்கவில்லை. ஏமாற்றமாக இல்லை, விசித்திரமாகத்தான் இருக்கிறது.

1.4.2005
இன்னொரு கேள்வி இருந்தது. கேட்கப் பயந்து மூன்று நாள் வைத்திருந்தேன். சந்தியாவுக்கும் வருமா?

மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், வந்தே தீரும் என்று இல்லை என்றார் டாக்டர். "மறைக்காதீங்க. அவளுக்குத் தெரிஞ்சிருந்தா, வந்தாலும் சீக்கிரம் சொல்லுவா."

வீட்டுக்கு வந்து சந்தியாவை உட்கார வைத்துத் தாத்தா எப்படிப் போனார் என்று சொன்னேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப அப்பா என்மேல கோவமா இல்லியா?" என்றாள். தீபாவளியிலிருந்து இந்தப் பெண் அதைத்தான் மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

24.4.2005
வீட்டுக்கு வந்து ஒரு வாரம். இன்று சாப்பிடும்போது, "கொழம்புல உப்பு தூக்கலா இருக்குது" என்றார். ஆறு மாதமாக எதை வைத்தாலும் ஒரே மாதிரி விழுங்கிய மனுஷன். நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

12.6.2005
உப்பளத்துக்குப் போகிறார். முதல் வாரம் அரை நாள். மாயவன் ஒன்றும் கேட்காமல் கண்ணாடிக் குழாயைக் கையில் கொடுத்தாராம்.

27.11.2005
மோசம் போனோம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆவணியிலேயே மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், எனக்குச் சொல்லாமல். இந்த வருஷ மழை ஊரையே மூழ்கடித்தது. ரோடெல்லாம் தண்ணீர். இவர் மறுபடி சுவர்ப் பக்கம். திட்டினேன், அழுதேன். அப்புறம் டைரியை எடுத்துத் தேதியை எண்ணினேன். போன தடவை ஐந்து மாதம் விட்டோம். இந்தத் தடவை பதினெட்டு நாள்தான் ஆகிறது. பஸ் ஓட ஆரம்பித்ததும் கூட்டிப் போனேன்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டவர்களிடம் அத்தை, "சக்கரைக்குப் பாக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன்.

15.1.2006
நேற்று பொங்கல். புதுச் சட்டை போட்டுக்கொண்டார். மாத்திரை தொடர்கிறது. குடி இல்லை. மழை மாதங்களில் சும்மா இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஐப்பசியிலிருந்து காலையில் பூத்தைத் திறப்பது இவர் வேலை என்று பேசியிருக்கிறோம்.

17.10.2006
உப்பளம் மூடி நான்கு நாள் ஆகிறது. நேற்று சாயந்திரம் இவர் பூத்துக்கு வந்தார். உள்ளே ஒரு அம்மா பேசிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை நின்று, பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு வாரமா மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது அமுதா. சோறு எறங்கல. வருது போல இருக்குது. நாளைக்கு செவ்வாக்கிழமதான, போயிட்டு வந்துடலாமா?"

எனக்குள் பத்துக் கேள்வி எழுந்தது. மாத்திரையை விட்டீர்களா, யாராவது ஏதாவது சொன்னார்களா, எதனால், எப்போதிலிருந்து? "ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிடலாங்க" என்று மட்டும் சொன்னேன்.

இன்று காலை அத்தையும் கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கிற சேட்டு, "இன்னாம்மா, குடும்பத்தோட எங்க?" என்று குரல் கொடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டார், நாலு பேர் கேட்கிற மாதிரி.

"மனசுக்குப் பாக்குற டாக்டர்கிட்ட போறோம். இவனுக்கு மழைக்காலத்துல வருது. இவங்கப்பாவுக்கும் இருந்துச்சு, எனக்குத் தெரியாமப் போச்சு. அவர உட்டுட்டேன்."

இவர் தலை குனிந்தபடியே அம்மா கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டார். சேட்டு வாழைத்தாரைத் துடைக்க ஆரம்பித்தார். தினமும் பார்க்கிற ஆள், விலையைத் தவிர எங்களிடம் வேறு பேசியதில்லை. பஸ் உள்ளே திரும்பும்போது கடையைவிட்டு இறங்கி இவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "எந்தெந்தக் கிழமைல பாக்குறாங்க?" என்று கேட்டார்.

"செவ்வாயும் வெள்ளியும்" என்றார் இவர். "வெள்ளிக்கிழமன்னா சொல்லு, நானும் கூட வர்றேன்."